பழி தீர்க்கப் புறப்பட்டவனின் பலவீனங்கள்

வீடியோ கேம்களுக்குக் கதையும் வசனமும் எழுதுவது என் தொழில். இப்போது எங்கள் குழு உருவாக்கிவரும் விளையாட்டின் நாயகன் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழும் ஒரு கற்பனைச் சாமுராய். உடன்பிறந்தவனைக் கொன்றவனைத் தேடி, பிரபுவிடம் பெற்றுவந்த அரிசிப் படியையும் சொந்த ஊரையும் துறந்து, ஜப்பானின் எடோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) வந்து சேர்ந்தவன். அவனுடைய பலவீனங்கள் எவை என்ற பேச்சு வந்தவுடன் ஆட்ட வடிவமைப்பாளர்கள் கவசத்தின் இடுக்குகளைத்தான் கேட்டார்கள்: அக்குள், முழங்கையின் உட்புறம், தொண்டை, தொடையின் உட்பக்கம். அவை உண்மையான இடங்கள்தாம். ஆனால் போர்ப்பயிற்சி பெற்ற எவருக்கும் தெரிந்த இடங்களை மறைந்த பலவீனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், நீண்ட அமைதி நிலவிய அக்காலத்தில் எடோவின் தெருக்களில் கவசத்தோடு நடமாடியவர் இல்லை. அவன் பிறரிடமிருந்து மறைப்பவையும், அவனே அறியாமல் அவனுக்குள் வளர்பவையும் எவை என்பதையே நான் தேட வேண்டியிருந்தது.

முதலில் வாளைப் பார்த்தேன். கத்தானாவின் அலகு கைப்பிடிக்குள் செருகப்பட்டு, குறுக்கே அடிக்கப்பட்ட சிறிய மூங்கில் ஆணியால் பிடித்து நிறுத்தப்படுகிறது. ஜப்பானியர் அதை மெகுகி என்பார்கள். மூங்கில் காய்ந்து சுருங்கினால் கைப்பிடி ஆடும். நன்றாகத் தளர்ந்துவிட்டால் வீசும்போது அலகே கழன்று பறக்கக்கூடும். ஆகவே வாளை உருவுவதற்கு முன் அந்த ஆணியை எச்சிலால் ஈரமாக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. எங்கள் நாயகன் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஆணியின் தலையில் வைத்து ஒரு கணம் அழுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதை வரைந்த இளம் அனிமேட்டர், “இவ்வளவு சின்ன அசைவை யார் அக்கா கவனிக்கப் போறாங்க?” என்று கேட்டார். கவனிக்காதவர்களுக்கு அது வெறும் பழக்கமாகத் தெரியும், கவனிப்பவர்களுக்கு அவனுடைய பயம் தெரியும் என்றேன். 1634இல் இகா பகுதியில் நடந்த புகழ்பெற்ற பழிதீர்ப்பில், அராக்கி மாதாஎமோன் என்ற தேர்ந்த வாள்வீரரின் வாளே சண்டைக்கு நடுவில் முறிந்துபோனது. கருவி கைவிடும் என்ற அச்சத்துக்கு வரலாற்றிலேயே இடம் இருக்கிறது.

அடுத்தது அவனுடைய கால்கள். எடோவில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு பரவியபோது, ‘எடோ நோய்’ என்று அழைக்கப்பட்ட ஒரு நோயும் பரவியது. வெளியூர்களிலிருந்து தங்கள் பிரபுவோடு தலைநகருக்கு வந்த சாமுராய்களுக்குக் கால் கனத்தது, பாதம் மரத்தது. ஊர் திரும்பி மற்ற தானியங்களைக் கலந்து உண்டபோது உடல் தேறியது. தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடுவதால் வரும் பெரிபெரிதான் அது என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது. பகைவனுக்காகக் காத்துக்கொண்டு எடோவில் ஆண்டுக்கணக்கில் தங்கும் ஒருவனை, அந்தக் காத்திருப்பே வேளைக்கு வேளை தின்றுகொண்டிருக்கிறது. எடோ அத்தியாயங்களில் நாயகன் விலகிப் பாயும் வேகம் மெல்ல மெல்லக் குறையும். மலைக் கிராமங்களில் வாற்கோதுமைக் கஞ்சி குடித்த பின் மீளும். ஆடுபவருக்கு எந்த அறிவிப்பும் காட்டப்படாது. இதற்காக நான் வெகுவாக வாதாட வேண்டியிருந்தது; அந்த வாதத்தில் என் பக்கம் நின்ற நிரலாளர்களுக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

என்றாலும் நான் மிகுதியும் மதிப்பது வேறொன்றை. எடோ காலத்தில் பழிதீர்ப்பது முறைப்படுத்தப்பட்ட செயல். பிரபுவிடம் அனுமதி பெற்று, அதிகாரிகளின் பதிவேட்டில் பெயரைச் சேர்த்த பின்னரே பகைவனைத் தேடிப் பிற பிரதேசங்களுக்குப் போக முடியும். தந்தை, அண்ணன் போன்ற மூத்தோருக்காக மட்டுமே அந்த அனுமதி கிடைக்கும்; மகனுக்காகவோ தம்பிக்காகவோ கிடைக்காது. இகாவில் பழிவாங்கப்பட்டது ஒரு தம்பியின் கொலைக்குத்தான், ஆனால் கொல்லப்பட்ட இளைஞன் பிரபுவின் அன்புக்குரிய பணியாளன் என்பதால் அங்கே பிரபுவின் விருப்பமே பின்னால் நின்றது. எங்கள் நாயகனுக்கு அப்படி யாரும் இல்லை. அவன் இழந்தது தம்பியை. சந்திப்பவர்களிடமெல்லாம் அண்ணன் என்று சொல்கிறான். இந்த ஒரு பொய்யை அவனுக்குக் கொடுத்த பிறகு, சத்திரக்காரரோடும் சோதனைச்சாவடிக் காவலரோடும் அவன் பேசும் சாதாரணப் பேச்சிலும் பதற்றம் தானாக வந்து உட்கார்ந்தது. வாளை எடுக்காத காட்சிகளே எழுதுவதற்கு அதிகச் செறிவுடையவை ஆயின.

பகைவன் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பது அவனுடைய இன்னொரு தேவை. 1701இல் எடோ கோட்டைக்குள் கீரா யோஷினாகா என்ற அதிகாரியைத் தாக்கியதற்காக, அசானோ நாகானோரி என்ற பிரபு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளப் பணிக்கப்பட்டார்; அவருடைய பணியாளர்கள் 1703 ஜனவரியில்தான் கீராவைக் கொன்றார்கள். அறுபதைக் கடந்த கீரா அதற்குள் நோயில் இறந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று, சாகா பிரதேசத்துச் சாமுராய் யாமாமோட்டோ சுனெடோமோ கண்டித்தார். அந்தக் கேள்வியின் கூர்மை என்னை விடவே இல்லை. 1817இல் தந்தையைச் சிறுவயதில் பறிகொடுத்த கூமே கோத்தாரோ என்பவர், துறவியாகிவிட்ட பகைவனை 1857இல்தான் கொன்றார். சிறுவனாகப் பார்த்த முகத்தை நாற்பது ஆண்டுகள் கழித்து எந்த மகனால் உறுதியாக அடையாளம் சொல்ல முடியும்? வெறுப்பு குறையாமல் இருக்க, முகம் மட்டும் மங்கிக்கொண்டே போகும். எங்கள் நாயகனும் ஒவ்வோர் இரவும் பகைவனின் முகத்தை நினைவிலிருந்து வரைகிறான். ஓவியக் குழுவினர் அந்தப் படங்களை ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடும்படி, அத்தனை நுட்பமாக வரைந்து தந்திருக்கிறார்கள்.

இப்போது இறுதி அத்தியாயத்தின் வசனங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். பகைவனைக் கொன்றவுடன் விளையாட்டு முடிந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன், குழுவும் ஒப்புக்கொண்டது. அவன் அதிகாரிகளிடம் சென்று கொலையை அறிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருந்தால் அவன் கடமையைச் செய்த வீரன், இல்லையென்றால் கொலைகாரன். எழுத்தர் ஏட்டைப் புரட்டியபடியே, இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று கேட்கிறார். பதிலை ஆடுபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.