கொதிக்க வைத்தாலும் போகாதது

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிள்ளை மடுவத்துக்கு வரும் அம்மாமாரிடம் தண்ணீரைப் பற்றி எப்போதும் ஒன்றுதான் சொல்வோம்: "நல்லா கொதிக்க வச்சு, ஆறவச்சுக் குடுங்க." வயிற்றோட்டத்துக்கும் செங்கண்மாரிக்கும் அது சரி. பசளையிலிருந்து தண்ணீரில் சேரும் நைத்திரேற்றுக்கு அது பலிக்காது. கொதியில் கிருமி சாகும். நைத்திரேற்றோ தண்ணீரில் கரைந்த உப்பு. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம், எங்கள் லயத்துக்கு ஊற்றுத் தண்ணீர் வரும் பீலிக்கு மேலே முழுக்க லீக்ஸும் கரட்டும். பசளை போட்ட அன்று பாத்திக் கறுப்பு மண்ணில் யூரியா வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். பின்னேரம் ஒரு மழை பெய்தால் ஒன்றையும் காணோம். அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணின் நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக்கும். பயிர் எடுத்தது போக மிச்சத்தை மண் பிடித்து வைக்காது, ஊற்றோடு இறங்கிவிடும். கோழிப் பசளையும் கக்கூஸ் குழியும் இதே வேலையைச் செய்யும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. மரக்கறி போடுகிறவர்களும் நம் ஆட்கள்தான். அவர்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை.

என் பயமெல்லாம் ஆறு மாதத்துக்குட்பட்ட, போத்தலில் மாப்பால் குடிக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். அந்த வயதில் வயிற்றில் அமிலம் குறைவு. அங்குள்ள பக்டீரியா நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்ற, அது இரத்தத்தின் ஈமோகுளோபினைக் கெடுத்து, ஒட்சிசன் சுமக்க முடியாமல் பண்ணிவிடும். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர், கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால் குடித்து நீலம் பாரித்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். நம் மலைநாட்டில் உதடும் நகமும் நீலமானால் "பனிக்கு விறைச்சிருச்சு" என்று கம்பளியில் சுற்றிப் படுக்க வைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை மூச்சு வாங்கினாலோ சோர்ந்து துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். நேரத்தோடு போனால் மருந்து இருக்கிறது.

அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் நைத்திரேற்று பெரிதாகச் சேராது. ஆகவே முடிந்தவரை தாய்ப்பால். போத்தல் பால்தான் என்றால், பரிசோதித்த தண்ணீரில் மட்டும் கரையுங்கள். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எங்கள் பீலித் தண்ணீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முடிவு எதுவானாலும் அதைத் தமிழில் எழுதி மடுவத்துக் கதவில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.