கோல்ட் நேவி 1851: மேசைக் குறிப்புகள்

மார்ச் 2, 2025
மேசையில் ஒரு கோல்ட் (Colt) நிறுவன நேவி ரிவால்வர், 1851 மாடல்: .36 அளவு, ஆறு அறை, ஏழரை அங்குல எண்கோணக் குழல். கழற்றும் முன் குண்டு அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இவ்வகை ரிவால்வரில் கறுப்பு மருந்தையும் ஈயக்குண்டையும் சிலிண்டரின் முன்பக்கமாக இடித்து அடைப்பார்கள். 150 வருடம் கழித்தும் அந்த மருந்து பற்றிக்கொள்ளும். மெல்லிய மரக்குச்சியை ஒவ்வொரு அறையிலும் விட்டு, இறங்கிய ஆழத்தைச் சிலிண்டரின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடணும். ஆறும் காலி.

மார்ச் 3
குழலைப் பிடித்திருப்பது ஒரே ஓர் ஆப்பு. வலப்பக்கம் துருத்தும் ஸ்பிரிங் நுனியை அழுத்தி, பித்தளைக் கம்பியால் ஆப்பை இடப்பக்கம் நோக்கித் தட்ட வேண்டும். இரும்பு வைத்தால் ஆப்பு நசுங்கும். ஆப்பு வந்தும் குழல் அசையவில்லை. துப்பாக்கியின் சுத்தியலைப் பாதி இழுத்து, இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரில் குண்டை அடைக்கும் இடிகோல் முட்டுமாறு சிலிண்டரைத் திருப்பி, இடிகோலின் நெம்புகோலை அழுத்தியதும் கழன்றது. ஆப்பில் மட்டும் தொடர் எண் வேறு, பின்னாளில் மாற்றியது.

நிப்பிள்களுக்கு (சிலிண்டரின் பின்பக்கம் திருகியிருக்கும், கேப் மாட்டும் சிறு குழாய்கள்) அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊறல்.

மார்ச் 8
நான்கு நிப்பிள் வந்தன, இரண்டு வரவில்லை. சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் மிஞ்சும் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்து மரையைத் தின்கிறது. வலுக்கட்டாயமாகத் திருகினால் தலை மழுங்கும்.

மார்ச் 9
கைப்பிடி மரத்தைத் தனியே வைத்து, இரும்புப் பாகங்களை அசிட்டோனால் பிசுக்கு நீக்கி, வாலைநீரில் அரைமணி கொதிக்க வைத்தாயிற்று. சிவப்புத் துரு கறுப்பு மேக்னடைட்டாக மாறும். குழாய்த் தண்ணீர் உப்புக்கறை விடும், ஆகாது. எண்ணெய் நீக்கிய நாலு சைபர் (0000, மிக மெல்லிய) ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேய்த்து, மறுபடி கொதி. மூன்று சுற்று. மீதி இரண்டு நிப்பிளும் சூட்டோடு இளகின.

சிலிண்டரில் செதுக்குக் கலைஞர் ஆர்ம்ஸ்பியின் சித்திரம்: 1843 மே 16, டெக்சாஸ், மெக்சிகோ கப்பல்கள் மோதிய காம்பிச்சே கடற்போர். துருவுக்கு அடியிலிருந்து ஒரு கப்பலின் பாய்க்கோடுகள், தலைமுடியளவு மெல்லியவை, திரும்பத் தெரிகின்றன. உப்புத்தாள் ஒருமுறை பட்டிருந்தால் இவை போயிருக்கும். இரும்புக்குப் புதிதாக நீலநிறப் பூச்சு ஏற்றுவதும் அப்படித்தான்: பளபளப்பு வரும், பழைய மேற்பரப்பும் விலையும் போகும்.

மார்ச் 10
சிலிண்டரைப் பூட்டும் கவையில் ஒரு கால் முறிந்திருக்கிறது. இந்த மாடலில் வழக்கமாக முறியும் இடம். சுடப்போவதில்லை, அசல் பாகமே இருக்கட்டும். இரும்புக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, மெல்லிய ஒரே பூச்சு. பித்தளை விசைக்காப்பு வளையத்தின் இடுக்கில் வெள்ளிமுலாம் நகக்கண் அளவு மிஞ்சியிருக்கிறது. அங்கே பாலீஷ் கூடாது, உலர்ந்த பருத்தித்துணி மட்டும்.