நீச்சல் தெரியாதவரும் தேறும் தேர்வில் நான் தோற்ற கதை

ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ஸமாமித் தீவில் நான் வேலை பார்க்கும் டைவிங் கடை முதலாளியின் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எழுபதை நெருங்குகிறார். கணக்கெழுதுவது, வெட்சூட் எனும் வாடகை முக்குளிப்பு உடைகளை நல்ல தண்ணீரில் அலசுவது, மதியச் சோறு எல்லாம் அவர் பொறுப்பு. ஊரே அவரை ஒபா என்கிறது. ஒகினாவாவில் பாட்டிமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒபாவிடம் அரசாங்கம் கொடுத்த முக்குளிப்பு உரிமம் இருக்கிறது. என்னிடம் இல்லை. அதனால் முதல் ஐந்து மாதம் அவர் அலசிக் கொடுத்த வெட்சூட்டுகளை நான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் டோக்கியோவில், நம் ஆட்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாய் பக்கம் குடியிருந்து மென்பொருள் வேலை. வார இறுதிகளில் இஸு தீபகற்பத்துக்கு ரயிலேறி டைவிங். நூறு டைவ் தாண்டியதும் பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் இன்ஸ்ட்ரக்டர் தேர்வையும் எழுதித் தேறினேன். மனைவி ஜப்பானியர் என்பதால் விசா தலைவலி இல்லை. காலையில் பாடம் எடுப்பது, மாலையில் படம் எடுப்பது என்று கனவு கண்டுகொண்டு, ஓர் அக்டோபர் மாதத்தில் ஒகினாவாவின் தலைநகர் நாஹாவிலிருந்து படகேறினேன். மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஸமாமி. சுற்றியுள்ள கெராமா தீவுகளும் கடலும் 2014 மார்ச் 5 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஜப்பானிய மொழியில் மூன்று சான், ஐந்து கோ. பவளத்துக்கும் சாங்கோ என்றுதான் பெயர். தேதி பார்த்துத்தான் அறிவித்திருக்கிறார்கள்.

முதல் நாளே முதலாளி கேட்டார்: "சென்சுயிஷி இருக்கிறதா?"

பாடி அட்டையை நீட்டினேன். அவர் சிரித்தார். பாடி, நாவி (NAUI) போன்றவை தனியார் சான்றிதழ்கள். ஜப்பானில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, சிலிண்டரோ குழாய்க் காற்றோ சுவாசிக்கச் செய்து தண்ணீருக்குள் வேலை வாங்குவதென்றால், தொழில் பாதுகாப்புச் சட்டப்படி அவரிடம் சென்சுயிஷி என்ற தேசிய உரிமம் இருக்க வேண்டும். துறைமுகச் சுவர் கட்டுபவர், மீன் காட்சியகத்தில் தொட்டி துடைப்பவர், டைவ் வழிகாட்டி எல்லோருக்கும் ஒரே உரிமம்தான். கேமராவோடு இறங்கிச் சம்பளம் வாங்குபவருக்கும் அதேதான். ஆக, என் கனவின் இரண்டு பாதிக்கும் ஒரே பூட்டு.

இதில் வேடிக்கை, தேர்வில் தண்ணீரே கிடையாது. முழுக்கத் தாள்தான். நான்கு பாடம், பாடத்துக்குப் பத்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் 40%, மொத்தத்தில் 60% எடுத்தால் தேறலாம். நீச்சல் தெரியாத ஒபா தேறியது இப்படித்தான். மகன் படித்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடமாகிவிட்டதாம். சரி, நாமும் எழுதிப் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறார்.

எனக்குத் திமிர். இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்காக வாயு விதிகள், நைட்ரஜன், ரத்தத்தில் குமிழி எல்லாம் கரைத்துக் குடித்தவன் என்ற நினைப்பு. நவம்பரில் நாஹாவுக்குப் படகு, ஃபுகுவோகாவுக்கு விமானம், அங்கிருந்து ரயில் என்று தேர்வு மையம் உள்ள குருமே போய்ச் சேர்ந்தேன்.

வினாத்தாளைத் திறந்தால் ஹெல்மெட் முக்குளிப்பு. பித்தளைக் குண்டுத் தலையும் ஈயம் வைத்த காலணியுமாக அருங்காட்சியகத்தில் நிற்குமே, அதேதான். அந்த ஹெல்மெட்டின் காற்று வெளியேற்றும் வால்வை முக்குளிப்பவர் எதனால் அழுத்துவார்? தலையால். எனக்கு எப்படித் தெரியும்? உடைக்குள் காற்று மிகுந்து ஆளையே மேலே தூக்கி எறியும் விபத்துக்கு ஒரு தனிச் சொல் இருக்கிறது. ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசுவேன். ஆனால் தாளில் அந்தச் சொல்லின் எழுத்துகளைப் பார்த்து ஏதோ வீட்டுக் கூரை சமாச்சாரம் என்று நினைத்தேன்.

கவிழ்த்தது என்னவோ சட்டப் பாடம். மேலேறும் வேகம் என்ன? நான் படித்த பாடியின் அட்டவணையில் நிமிடத்துக்கு 18 மீட்டருக்கு மிகக்கூடாது. ஜப்பானியச் சட்டத்தில் 10 மீட்டர். கை பழக்கத்தில் 18 பக்கம் போய்விட்டது. சிலிண்டரோடு இறங்கும் தொழிலாளி கட்டாயம் வைத்திருக்க வேண்டியவை? கடிகாரமும் ஆழமானியும் தெரிந்தது. கூரிய கத்தியை விட்டுவிட்டேன், நான் கட்டியதே இல்லை என்பதால்.

ஊர் திரும்பி, தோற்றதை ஒபாவிடம் சொன்னேன். என்னென்ன கேள்வி வந்தது, என்ன பதில் போட்டேன் என்று கேட்டுக்கொண்டார். "நீ கடலை நினைத்துக்கொண்டு பதில் போட்டிருக்கிறாய். எனக்குக் கடலே தெரியாது, அதனால் புத்தகத்தில் இருந்ததைப் போட்டேன்" என்றார்.

அப்புறம் தினமும் இரவில் துண்டு மடித்துக்கொண்டே அவர் கேட்பார், நான் சொல்வேன். தேர்வு நடத்துபவர்களே ஆறு மாதத்துக்கு ஒரு தாள் வீதம் பழைய கேள்விகளை வெளியிடுகிறார்கள். இதை எழுதப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடப்புத்தகத்தை ஒருமுறை படியுங்கள், பழைய தாள்களைப் பத்து முறை போடுங்கள். கேள்விகள் சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். பிப்ரவரியில் மறுபடி குருமே. குளிர்காலத்தில் வாடைக்காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது என்பதால் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினேன். நல்லவேளை, மறுநாள் படகு ரத்து. இம்முறை தேறினேன். 1,500 யென் வருவாய் முத்திரை ஒட்டி டோக்கியோவுக்கு விண்ணப்பித்தால் அட்டை தபாலில் வரும். வந்தது.

ஏப்ரலில் தண்ணீருக்குள் இறங்கியாயிற்று. இனிப் படம்தானே?

"முதல் சீசனில் கேமரா வேண்டாம்" என்றார் முதலாளி. ஜூலை வரை கெஞ்சிக் கெஞ்சி, சின்ன கேமராவுக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். ஆகஸ்டில் ஒரு நாள், 12 மீட்டர் ஆழம், நான்கு விருந்தினர்கள். ஜப்பானில் உள்ள ஆறு வகைக் கோமாளி மீன்களும் ஒகினாவாக் கடலில் இருக்கின்றன. ஆறையும் பார்த்தே தீர வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. அன்று ஐந்தாவது வகையைக் காட்டிவிட்டு, அதையே நானும் படமெடுக்கக் குனிந்தேன். கொஞ்ச நேரம்தான். நிமிர்ந்தால் மூன்று பேர்.

வயிறு கலங்கியது. நான்காமவர் பாறைக்குப் பின்னால், புல் மேயும் ஆமைக்குப் பக்கத்தில் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தார். சிலிண்டரில் காற்றும் தாராளமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் டைவ் முடிந்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வழிகாட்டியோடு மீன் புத்தகத்தைப் புரட்டித் தங்கள் டைவ் குறிப்பேட்டில் பெயரெழுதி, கடை முத்திரை குத்திக்கொள்வது இங்கே வழக்கம். அங்கே அந்த நான்காமவரான அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வழிகாட்டி ஸார் படமெடுப்பதில் மூழ்கிவிட்டார், எனக்கு ஆமையோடு தனியாக இருக்கக் கிடைத்தது." முதலாளி முத்திரையைக் கீழே வைத்தார். சாயங்காலம் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நவம்பரில்தான் திருப்பிக் கொடுத்தார். அவர் செய்தது சரிதான். அன்றைக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

இப்போது நான் படமெடுப்பது நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில், எனக்காக மட்டும் இறங்கும் நாட்களில். தண்ணீர் 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும், பல் கிட்டும். விருந்தினர் குறைவு. தண்ணீருக்குள் முதலில் காணாமல் போவது சிவப்பு. பத்து மீட்டருக்குள் எல்லாமே நீலச் சாம்பலாகிவிடும். அதனால் ஸ்ட்ரோப் எனும் ஃபிளாஷ் வெளிச்சம் வேண்டும். அதையும் நேராக அடித்தால் மிதக்கும் தூசெல்லாம் பனி பெய்த மாதிரி படத்தில் விழும்; கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். கேமராவை மூடும் நீர்புகாக் கூடான ஹவுசிங்கின் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், உப்புத் தண்ணீர் புகுந்து கேமரா காலி. எனக்கு ஒன்று போயிருக்கிறது. பிப்ரவரியில் கூனல் திமிங்கிலங்கள் குட்டி போட வந்திருக்கும். ஆள் கண்ணில் படாது, பாட்டு மட்டும் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும். அதைப் படமெடுக்க வழியில்லை.

படம் விற்ற காசில் பேட்டரி வாங்கலாம். சோறு போடுவது கோடைக்காலத்து விருந்தினர்கள்தான். நடுவில் புயல் வந்தால் சரக்குக் கப்பலும் நின்றுவிடும். பாலும் ரொட்டியும் இல்லாத கடை அலமாரியைப் பார்த்துக்கொண்டு நாலைந்து நாள் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

சட்டப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காது, நுரையீரல், மூட்டு எல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனக்கு அடுத்த மாதம். ஒபாவும் நாஹாவுக்கு வருகிறேன் என்கிறார். புத்தகக் கடைக்குப் போக வேண்டுமாம், சிறு படகு ஓட்டும் உரிமத்துக்குப் படிக்கப்போகிறாராம். அதில் செய்முறைத் தேர்வு உண்டு, படகை நிஜமாகவே ஓட்டிக் காட்ட வேண்டும் என்றேன். "படகில்தானே? தண்ணீருக்குள் இல்லையே" என்றார்.