பழைய ஆஸிலாஸ்கோப் வாங்கப் போகிறீர்களா?

கோவை கணபதியில் பம்ப்செட் கட்டுப்பாட்டு போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப் இல்லாமல் வேலை ஓடாது. போன மாதம் இணையத்தில் ஒன்றைப் பார்த்தேன். "நம்பி அனுப்புங்கள் அண்ணா" என்று விற்பவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார். மறுத்துவிட்டேன்.

இன்னொருவர் ஈரோட்டில் இருந்தார். பஸ் ஏறிப் போனேன். முகப்பில் உள்ள சோதனை முனையில் புரோபை (சிக்னலைத் தொட்டு எடுக்கும் வயர்) மாட்டியதும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை மூலை மழுங்காமல் நின்றது. அந்தக் காட்சிக்கே மனம் நிறைந்துவிட்டது! இரண்டு சேனல்களையும் ஒவ்வொரு வோல்ட் அளவிலும் திருப்பிப் பார்த்தேன். அரை மணி நேரம் சூடேற விட்டேன். பிறகுதான் யுபிஐயில் பணம்.

தூரத்து ஊரிலிருந்து வாங்கினால் கருவி ஓடும் வீடியோவும் அதன் வரிசை எண்ணும் கேளுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. அதற்காகப் போடச் சொன்னால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் தயங்காமல் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.