இரண்டு முக்காற்புள்ளிகள்

தரவுத்தளத்துடன் இணைய முயன்றால், சரியாக 30 விநாடி காக்கவைத்துவிட்டு மறுபடியும் அதே பிழைச்செய்தி: இணைப்பு மறுக்கப்பட்டது.

தரவுத்தளமான மோங்கோடிபி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது இணைப்புகளை ஏற்கும் 27017 என்ற போர்ட் எண்ணும் சரி. நேற்றுவரை வேலை செய்த அதே இணைப்பு வரி. மாறியது, என் நிரலை இயக்கும், காலையில் புதுப்பித்த நோட் ஜேஎஸ் மட்டும்.

செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் அந்த இரண்டு முக்காற்புள்ளிகள் கண்ணில் பட்டன.

::1

17ஆம் பதிப்பில் நோட், இதே கணினியைக் குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயருக்கு இயங்குதளம் முதலில் தரும் முகவரியையே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. என் கணினியில் அது ::1, ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. தரவுத்தளமோ 127.0.0.1 என்ற பழைய வாசலில் மட்டுமே காத்திருந்தது.

பெயரை அழித்து எண்ணை எழுதினேன். உடனே இணைந்தது.

இத்தனை ஆண்டுகளாக அந்தப் பெயரும் எண்ணும் ஒன்றென்றே நம்பியிருந்தேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நாளை முதல் வேலையாக அவரிடம் திருத்திச் சொல்ல வேண்டும்.