வட்ட நாற்காலியின் முதுகு: நான்காவது முறை பொருந்தியது

நான் மரத்தில் செய்யும் சிறிய நாற்காலி மாதிரியின் முதுகை ஒட்டி, துண்டுகளை இறுக்கிப் பிடித்திருந்த கிடுக்கியை நேற்று இரவு பதினொன்றரைக்குக் கழற்றினேன். பொருத்து அசையவில்லை. நகத்தால் நெருடினேன், எங்கும் தட்டவில்லை. மூன்று முதுகுகளை உடைத்த பிறகு கிடைத்த நான்காவது இது. இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் நடந்த, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கென்னடி–நிக்சன் தொலைக்காட்சி விவாத மேடையை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அன்று வேட்பாளர்கள் இருவரும் உட்கார்ந்தது டென்மார்க்கின் ஹான்ஸ் வேக்னர் 1949இல் வடிவமைத்த வட்ட நாற்காலியில். மேசையும் சுவரும் இரண்டு வாரத்தில் முடிந்தன. கால்களும் சட்டங்களும்கூடத் தொல்லை தரவில்லை. முதுகுதான் உயிரை வாங்கியது.

இந்த நாற்காலியில் கைகளும் முதுகும் ஒரே வளைவாக ஓடும். ஒரே பலகையில் அறுத்தால் வளைவில் மர ரேகை குறுக்கே வந்து முறிந்துவிடும். என் முதல் முதுகு அப்படித்தான் போனது. ஆகவே மூன்று துண்டுகள். வேக்னர் முதலில் அந்த ஒட்டுகள் தெரியாமல் முதுகைப் பிரம்பால் சுற்றினார். அதன் பிறகு பிரம்பை எடுத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் கோணல்மாணலான பல்வரிசைப் பொருத்தாக மாற்றி வெளியே தெரியும்படியே விட்டார். அந்தப் பற்கள் இல்லாத நாற்காலியைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது முதுகில் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகப் பல் வெட்டினேன். ஒன்றுக்குள் ஒன்று சேரவே இல்லை. மூன்றாவதில் இரண்டு துண்டுகளின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மெல்லிய அலகுள்ள நூல் ரம்பத்தால் ஒரே வெட்டாக அறுத்தேன். வழி சரிதான். மேல் துண்டின் ஒரு பக்கமும் கீழ்த் துண்டின் மறு பக்கமும் ஒரே கோட்டில் பிறந்தவை. அலகு தின்ற இடைவெளியைப் பற்றியும் கவலை இல்லை: பற்கள் சாய்வாக இருப்பதால் சற்று உள்ளே தள்ளினாலே மூடிக்கொள்கிறது. சதுரப் பல்லில் இது நடக்காது. ஆனால் அலகு மயிரிழை சாய்ந்துவிட்டது. மேலே கச்சிதம், அடியில் உப்புத்தாள் நுழையும் சந்து.

இம்முறை அறுக்கும் பலகையோடு, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைத் திருகி நிறுத்தி, பல்லுக்குப் பல் அலகை அதனோடு ஒப்பிட்டுக்கொண்டே அறுத்தேன். ஆறு பற்களுக்கு ஒரு முழு மாலை. இன்னொன்று: வளைவைச் செதுக்கிவிட்டுப் பல் வெட்டக்கூடாது. சதுரக் கட்டையாக இருக்கும்போதே வெட்டி, ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டுப் பிறகே செதுக்க வேண்டும். செதுக்கச் செதுக்கப் பல்வரிசை தானாக வளைந்து வெளிவரும் அழகை நேரில் பார்க்க வேண்டும்!

தேக்கில் செய்கிறவர்களுக்கு: ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்த கையோடு பசை தடவுங்கள். மரத்தின் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிட்டால் பசை பிடிக்காது. மரம் வாங்கிய கதையும் உண்டு. இணையத்தில் ஒரு கடை 'பழந்தேக்கு' என்று அனுப்பிய துண்டைத் துடைத்தபோது பஞ்சில் சாயம் ஒட்டியது. பணம் திரும்பவில்லை, இன்னும் ஆறவில்லை எனக்கு. கடைசியில் பழைய கதவு, நிலை விற்கும் இடத்தில் உடைந்த ஜன்னல் சட்டம் ஒன்று கிடைத்தது. ரேகை நெருக்கம், இந்த அளவுக்கு அதுதான் வேண்டும்.

பின்னணிச் சுவரின் சாம்பல் நிறத்தை மறுபடி கலக்க வேண்டும். நிக்சனின் வெளிர்சாம்பல் கோட்டு அன்று சுவரோடு கலந்துபோனது, கென்னடியின் கருங்கோட்டு எடுப்பாக நின்றது. என் சுவர் இப்போது இருவரையுமே எடுப்பாகக் காட்டுகிறது, அது தவறு.

அடுத்தது எது என்றும் முடிவு செய்துவிட்டேன். பின்லாந்தின் ஏரோ ஆர்னியோ 1963இல் வடிவமைத்த பந்து நாற்காலி, 1967இல் 'தி பிரிசனர்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் வந்தது. அதற்காகப் பிளாஸ்டிக் பந்துகள்கூட வாங்கியாகிவிட்டது. பொருத்தே இல்லாத நாற்காலி!

அதற்கு முன் இருக்கைக்கு மெல்லிய தோல் தேட வேண்டும். இரண்டாவது நாற்காலியின் முதுகுக் கட்டைகளை இன்று காலைதான் ஒட்டினேன். நாளை மறுநாள் வரை கிடுக்கியைத் தொடப்போவதில்லை.