மஞ்சள் புத்தகத்தில் ஏறாத ஊசிகள்

ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கியதும் வீடு, முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, விசா என்று வரிசையாக ஓட வேண்டியிருக்கும். அந்த ஓட்டத்தில் தடுப்பூசி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குழந்தையைக் கீட்டாவில், அதாவது இங்குள்ள மழலையர் காப்பகத்தில், சேர்க்கப் போகும்போதுதான் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். 2020 மார்ச் 1 முதல் இங்கே தட்டம்மைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வயது ஆன குழந்தைக்கு ஒரு டோஸ், இரண்டு வயது ஆனால் இரண்டு டோஸ் என்று அத்தாட்சி காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கீட்டாவில் இடம் கிடையாது. பள்ளிப் படிப்பு கட்டாயம் என்பதால் பள்ளியில் மட்டும் பிள்ளையை வெளியே நிறுத்த மாட்டார்கள். ஆனால் பெற்றோருக்கு 2500 யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.

எங்கள் மகளுக்கு ஊரில் எல்லா ஊசியும் காலாகாலத்தில் போட்டாயிற்று. அட்டையும் கையில் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் நீல மையில் தேதி எழுதிக் கொடுத்த அதே அட்டை. தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் எங்களுக்குக் கிடைத்த குழந்தை மருத்துவர் அதை மேசையில் விரித்து வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பென்டா என்றால் என்னென்ன நோய்க்கு, போலியோ சொட்டு மருந்தா ஊசியா என்று நிதானமாகக் கேட்டார். காசநோய்க்கான பிசிஜி ஊசி இடது தோளில் விட்டுப்போன தழும்பையும் பார்த்தார். இங்கே அந்த ஊசியை 1998லேயே பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் இங்கு பிறந்த பிள்ளைகளின் தோளில் அந்தத் தழும்பைப் பார்க்க முடியாது.

எம்ஆர் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. நம் அரசு அட்டவணையில் ஒன்பதாவது மாதத்திலும் பிறகு ஒன்றரை வயதையொட்டியும் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். இங்கே போடும் எம்எம்ஆரில் பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்திருக்கும். சட்டம் கேட்பது தட்டம்மைக்கான அத்தாட்சி, அது எங்களிடம் இருந்தது. கீட்டாவுக்கு அது போதும். டாக்டர் அத்தோடு விடவில்லை. விட்டுப்போன பொன்னுக்கு வீங்கிக்கும், நம் அரசு அட்டவணையில் இல்லாத சின்னம்மைக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சட்டத்துக்காக மட்டும் ஊசி போடும் மருத்துவரைவிட, குழந்தைக்கு எது குறைகிறது என்று தேடிப் பார்க்கும் மருத்துவர்தான் வேண்டும்.

ஊசி போட்டு முடிந்ததும் உதவியாளர் மருந்துக் குப்பியிலிருந்த சின்ன ஸ்டிக்கரை உரித்து, மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டினார். மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அதிலேயே இருக்கும். பக்கத்தில் தேதி, மருத்துவரின் முத்திரை, கையெழுத்து. இங்கே எல்லோரும் ஆயுசுக்கும் பத்திரப்படுத்தி வைக்கும் புத்தகம் அது.

அடுத்த கேள்வி எங்களைப் பார்த்து வந்தது: உங்கள் இருவரின் புத்தகம் எங்கே?

எங்கள் தலைமுறையில் யாரிடம் அட்டை இருக்கிறது? சின்ன வயதில் எல்லாம் போட்டதாக அம்மா சொல்வார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியின் தடுப்பூசி நிலைக்குழுவான ஷ்டிகோவின் விதியில் இதற்கு இடமே இல்லை: எழுத்தில் இருக்கும் ஊசிதான் கணக்கு. முதலில் கேட்கும்போது நம் பேச்சை நம்பவில்லையோ என்று மனம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் புத்தகத்தைத் தொலைத்த ஜெர்மன்காரருக்கும் இதே விதிதான். 1970க்குப் பிறகு பிறந்து, தட்டம்மை ஊசி போட்டது உறுதியாகத் தெரியாத பெரியவர்கள் எல்லோரும் ஒரு டோஸ் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. டெட்டனஸும் அப்படித்தான். ஊரில் துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டிடி ஊசி ஞாபகம் வரும். இங்கே பத்து வருடத்துக்கு ஒருமுறை, டிப்தீரியாவோடு சேர்த்துப் போடுகிறார்கள். அதில் ஒருமுறை கக்குவான் இருமலுக்கும் சேர்ந்து வரும்.

பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ரூபெல்லாவையும் சின்னம்மையையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலருக்குச் சிறு வயதில் சின்னம்மை வராமலே போகும். வளர்ந்த பிறகு, அதுவும் கர்ப்ப காலத்தில் வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. இவ்விரண்டுக்கும் போடுவது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்துகள். கர்ப்பமாக இருக்கும்போது போட முடியாது, போட்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். அதனால் வந்த புதிதிலேயே கேட்பது நல்லது.

பவேரியாவிலும் பக்கத்து மாநிலமான பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் குடியேறுபவர்களுக்கு நாம் கேள்விப்பட்டே இராத இன்னொரு நோய் காத்திருக்கிறது. காட்டிலும் உயரமான புல்லிலும் இருக்கும் உண்ணி கடித்தால் மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் பரவலாம். எஃப்எஸ்எம்இ என்கிறார்கள். வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, ஆனால் தடுப்பூசி இருக்கிறது. மூன்று டோஸ். முதல் இரண்டையும் குளிர்காலத்திலேயே போட்டுவிட்டால், உண்ணி கிளம்பும் வசந்த காலத்துக்குள் உடம்பு தயாராகிவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளோடு காட்டுக்குள் நடக்கப் போகும் ஊர் இது. என்னைக் கேட்டால், நம்மவர்கள் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி இதுதான்.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். ஷ்டிகோ பரிந்துரைக்கும் ஊசிகளுக்கான செலவை அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். கஷ்டம் மருத்துவரைப் பிடிப்பதில்தான். புது நோயாளிகளை எடுப்பதில்லை என்று ஒவ்வொரு இடமாகக் கதவைச் சாத்துவார்கள். மனம் விட்டுவிடாமல் 116117 என்ற மருத்துவ உதவிச் சேவை எண்ணுக்குக் கூப்பிடுங்கள். குடும்ப மருத்துவர், குழந்தை மருத்துவர் இருவரிடமும் நேரம் வாங்கித் தர அவர்கள் உதவுவார்கள்.

இனிமேல்தான் கிளம்பப் போகிறீர்கள் என்றால், ஊசி போட்ட மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ மருந்தின் பெயர், தேதி எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அசல் அட்டையைக் கைப்பையில் வையுங்கள், செல்போனில் ஒரு படமும் இருக்கட்டும். அட்டை தொலைந்துவிட்டது என்றால் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். விட்ட டோஸ்களுக்கு அவரே ஓர் அட்டவணை போட்டுத் தருவார். அட்டை கிடைக்கட்டும் என்று குழந்தையின் ஊசியை மட்டும் மாதக் கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.